காரின் வாலும் கவிதையின் அணியும்

ஒரு பொருள் பயனற்றது என்று நிறுவிவிட்டால், அதனை விரும்புகிறவனை இகழும் உரிமையும் எமக்குக் கிடைத்துவிடுகிறதா? இக்கேள்வியை எம்முன் எழுப்பியது தத்துவநூல் எதுவுமன்று. சிறிய காரொன்றின் பின்புறத்தே பூட்டப்பட்டிருந்த வளைந்த தகடொன்று.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், க. பொ. த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன், இன்று எமது ஊர்ச் சந்தியிலுள்ள கராஜில் வேலை செய்கிறான். பிறருடைய வாகனங்களைத் தட்டி நிமிர்த்தியும் வர்ணம் அடித்தும் சேர்த்த பணத்தைக் கொண்டு பழைய ஜப்பானியச் சிறு காரொன்றை அவன் வாங்கினான். அதன் இயந்திரம் 660 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடையது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை இந்நாட்டிற் பழைய கார்கள் என்ன விலைக்குப் போயின என்பதை அறிந்தவர்கள், அந்தக் கொள்வனவுக்குப் பின்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பு இருந்தது என்பதையும் ஊகித்துக்கொள்வர்.

அந்தக் காரின் கூரை முடியும் இடத்தில் அவன் ஒரு ஸ்பொயிலரைப் பொருத்தியிருந்தான். கடையில் வாங்கியதன்று, பைபரில் தானே வார்த்து, தேய்த்து, கறுப்பு வர்ணம் பூசியது. அதைக் கண்டதும் நாம் சிரித்தோம். சிரித்ததோடு நில்லாமல், ஆசிரியனுக்குரிய பழக்கத்தால் ஒரு கேள்வியும் கேட்டோம்.

"தம்பி, இந்த வாலாலே உன்ர கார் வேகமாய் ஓடுமோ?"

"இல்லை சேர்."

"அப்ப என்னத்துக்கு?"

அவன் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டு சற்று யோசித்தான். பின்னர் கேட்டான்: "சேர், நீங்கள் எங்களுக்கு அணியிலக்கணம் படிப்பிச்சனீங்கள். உவமை இல்லாட்டி அந்தப் பாட்டின்ர கருத்து விளங்காமப் போகுமோ?"

அப்போது எமக்கு விடை தோன்றவில்லை. பேச்சை மாற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். அன்று சொல்லாது விட்ட விடையையே இங்கு தேட முயல்கிறோம்.

முதலில் அப்பொருளின் இயல்பை அறிந்துகொள்வது நேர்மை. ஓடும் காரின் கூரை வளைவைத் தழுவிக் காற்று விரையும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. இதனாற் காரின் பின்பகுதி மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. பின்சக்கரங்கள் வீதியைப் பற்றும் பிடி தளர்கிறது. ஸ்பொயிலர் அக்காற்றோட்டத்தைக் கெடுக்கிறது. கெடுப்பது என்பதே அவ்வாங்கிலப் பெயரின் பொருளுமாகும். காற்றின் ஒழுங்கு கெடுவதால் மேலிழுப்புக் குறைகிறது.

ஆனால் இவ்விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பவே கூடுகிறது. (இங்கு வர்க்கம் என்றது கணிதத்தின் வர்க்கத்தை, சமுதாயத்தின் வர்க்கத்துக்குப் பின்னர் வருவோம்.) ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காரின் முன்தோற்றப் பரப்பு 2 சதுர மீற்றர் என்றும், ஸ்பொயிலர் மேலிழுப்புக் குணகத்தை 0.1 அளவினாற் குறைக்கிறது என்றும் கொள்வோம். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் இது பின்சக்கரங்களின்மீது ஏறத்தாழ 38 கிலோகிராம் பாரத்தை வைத்ததற்குச் சமம். எமது அதிவேக நெடுஞ்சாலைகளின் உச்ச எல்லையான 100 கிலோமீற்றரில் அது 9 கிலோகிராமளவே. ஊர்மனைகளுக்குரிய 50 கிலோமீற்றரில் 2½ கிலோகிராமுக்கும் குறைவு. பள்ளிப்பிள்ளையொன்றின் புத்தகப்பையும் இதனிலும் கனமானது. மேலும், இத்தகைய சிறு கார்கள் பெரும்பாலும் முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. பின்சக்கரங்களை அழுத்துவதால் இழுவைக்கு எந்த நன்மையும் இல்லை. கூரை விளிம்பிற் சரியான கோணத்தில் அமையும் சிறு தகடு, காற்றைத் தெளிவாகப் பிரித்துவிட்டு எரிபொருட் செலவைச் சிறிது குறைக்கக்கூடும் என்பது உண்மையே. ஆனால் அதற்குச் சோதனைக்கூடமும் அளவையும் வேண்டும். கண்மதிப்பில் வார்த்த தகட்டுக்கு அப்பயனை நாம் உரிமை கோர முடியாது. ஆகவே, எமது மாணவனின் ஸ்பொயிலர் காரின் ஓட்டத்துக்குப் பயனற்றது என்ற முடிவில் மாற்றமில்லை. அவனே அதை ஒப்புக்கொண்டான்.

அப்படியாயின் அது எங்கிருந்து வந்தது? பந்தயத் திடலிலிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் இத்தாலிய பெராரி நிறுவனத்தின் பந்தயக் கார்களிற் பின்விளிம்புத் தகடு இடம்பெற்றது. 1972இல் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 911 கரேரா ஆர். எஸ். என்ற காரை, வாத்தின் வால்போல மேலெழுந்த பின்பகுதியோடு காட்சிக்கு வைத்தது. அவ்வகைக் கார்கள் குறைந்தது 500 செய்யப்பட்டாலே குறித்த பந்தயப் பிரிவில் ஓட அனுமதி உண்டு என்பது விதி. ஆகவே பந்தயத்துக்கென உருவானது பொதுமக்களுக்கும் விற்கப்பட்டது. எதிர்பார்ப்புக்கு மாறாக 1,500க்கும் மேற்பட்டவை விலைபோயின. அடுத்த ஆண்டில் இன்னொரு ஜெர்மன் நிறுவனமான பி. எம். டபிள்யூ. தனது 3.0 சி. எஸ். எல். காருக்குப் பெரும் பின்னிறகொன்றை அமைத்தது. அது ஜெர்மனியின் பொதுவீதிகளில் அனுமதிக்கப்படவில்லை. எனவே அவ்விறகு பூட்டப்படாமலே, காரின் டிக்கிக்குள் வைத்து வாங்கியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இச்சிறு வரலாற்றில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. பந்தயத் திடலில் அது கருவி. பந்தய விதிக்காக வீதிக்கு வந்தபோது, அத்தகைய காரை வாங்க வல்லவர் யார் என்பதைக் காட்டும் சின்னமாயிற்று. பின்னர் உற்பத்தியாளர்கள் தம் சாதாரணக் கார்களின் விலைகூடிய வகைகளிலும் அதைப் பொருத்தி, "ஸ்போர்ட்" என்ற எழுத்தையும் ஒட்டி விற்றனர். பயன்மதிப்புத் தேய்ந்துபோக, பரிமாற்றமதிப்பு மட்டும் வளர்ந்தது. இறுதியில் எமது ஊர்க் கராஜில் ஓர் இளைஞன் பைபரில் வார்த்தது, கருவியின் சாயலையன்று, சின்னத்தின் சாயலை.

இவ்விடத்தில் முற்போக்காளர் பலர் தம் தீர்ப்பை எழுதிவிடுவர். "மேல்தட்டினரைப் போலச்செய்தல், நுகர்வு மோகம், உழைப்பாளியின் பணம் வீணாகிறது." அமெரிக்கப் பொருளியலாளரான தோர்ஸ்ரைன் வெப்லன் 1899இல் வெளியிட்ட ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு என்ற நூலில், பிறர் காணும்படி செலவிடுவதே மதிப்பின் அளவுகோலாகிவிடும் நிலையை விளக்கினார், மேலுள்ளோரின் வழக்கங்களைக் கீழுள்ளோர் பின்பற்ற முயல்வதையும் சுட்டினார். அந்த விளக்கம் இங்கும் பொருந்துகிறது. நாமும் எமது சிரிப்புக்கு இந்தக் காரணத்தையே முதலிற் சொல்லிக்கொண்டோம்.

ஆனால் எமது மனச்சான்று வேறொரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தியது. எம்மோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவர் லீசிங் முறையிற் காரொன்றை வைத்திருக்கிறார். அதன் பின்புறத்திலும் ஒரு ஸ்பொயிலர் உண்டு. தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது, காரின் நிறத்தோடு ஒத்தது. அவரது கார் மணிக்கு 200 கிலோமீற்றர் ஓடுவதில்லை. வீட்டிலிருந்து பாடசாலைக்கும் பாடசாலையிலிருந்து தனியார் வகுப்புக்குமே ஓடுகிறது. பௌதிக விதிகளின்படி அவருடைய ஸ்பொயிலரும் எமது மாணவனுடையதைப் போலவே அங்கு வேலையற்றது. அந்தக் காரில் எத்தனையோ முறை நாம் ஏறிச் சென்றிருக்கிறோம். ஒருமுறையேனும் அதைப் பார்த்து நாம் சிரித்ததில்லை.

ஏன் சிரிக்கவில்லை? இரண்டும் பயனற்றவை, இரண்டும் சின்னங்கள். வேறுபாடு ஒன்றுதான். ஒன்று பணம் கொடுத்து வாங்கப்பட்டது. மற்றது கையாற் செய்யப்பட்டது. வாங்கப்பட்டது எமது கண்ணுக்கு இயல்பாகவும், செய்யப்பட்டது கேலிக்குரியதாகவும் தோன்றியிருக்கின்றன. உழைப்பின் மேன்மையை வகுப்பறையிலும் மேடையிலும் பேசுகிற நாம், உழைப்பு கண்முன்னே நின்றபோது அதைப் பார்த்து நகைத்து, விலைச்சீட்டைக் கண்டபோது மௌனமாக இருந்திருக்கிறோம். நாம் சிரித்தது பயனின்மையை நோக்கி அன்று. அந்த ஆசை யாரிடம் தோன்றியது என்பதை நோக்கியே.

இது எமது இலக்கிய வரலாற்றிலும் நிகழ்ந்த ஒன்றே. 1960களின் முற்பகுதியில், ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை இழிசனர் இலக்கியம் என்று பழித்தனர். அப்பழிப்புக்கு எதிராக எழுந்த வாதங்களே மரபுப் போராட்டம் என்று பெயர்பெற்றன. மக்களின் மொழி இழிந்ததன்று என்று அன்று எமது முன்னோடிகள் நிலைநாட்டினர். அந்த வெற்றியின் பயனை அனுபவிக்கும் நாம், மக்களின் மொழியை ஏற்றுக்கொண்டு, மக்களின் இரசனையை மட்டும் இழிந்தது என்று ஒதுக்குவோமாயின், பழைய பண்டிதரின் ஆசனத்திலே புதிய உடையோடு அமர்ந்திருக்கிறோம் என்பதே பொருள்.

அலங்காரத்தை எதிர்ப்பதற்கு வலுவான நியாயங்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரின் கட்டடக் கலைஞர் அடொல்ப் லூஸ், அலங்காரமும் குற்றமும் என்ற கட்டுரையில், அலங்காரம் தொழிலாளியின் உழைப்பை வீணாக்குகிறது, பொருளின் ஆயுளை நாகரிக மாற்றத்துக்குப் பலியிடுகிறது என்று வாதித்தார். ஆனால் அதே கட்டுரையில் அவர் தம் சப்பாத்துத் தொழிலாளியைப் பற்றியும் பேசுகிறார். அத்தொழிலாளி சப்பாத்தில் அமைக்கும் பூவேலையை அவர் தடுக்க விரும்பவில்லை. அதில் அம்மனிதன் காணும் மகிழ்ச்சியைப் பறிக்கத் தமக்கு மனமில்லை என்கிறார். உயர்ந்த கலைகளை நுகரும் வாய்ப்புத் தமக்கு உண்டு, அவனுக்கு அது இல்லை என்பது அவர் கூறும் காரணம். இந்தப் பெருந்தன்மையில் ஒரு மேட்டிமை கலந்திருக்கிறது; மனிதரை நாகரிகப் படிக்கட்டில் மேலும் கீழுமாக நிறுத்தும் அவரது பார்வையை நாம் ஏற்கமாட்டோம். எனினும் அவர் தொட்ட இடம் முக்கியமானது. ஒருவனுடைய அலங்காரத்தைக் குறை கூறுமுன், அவனுக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது என்று கேட்கவேண்டும்.

எமது மாணவனுக்கு எந்த வாசல் திறந்திருந்தது? வாரத்தில் ஆறு நாளும் அவன் பிறர் சொன்ன நிறத்தில், பிறர் சொன்ன வடிவத்தில், பிறருடைய கார்களைச் செப்பனிடுகிறான். ஒரு வளைவு எப்படி அமையவேண்டும் என்று அவனே தீர்மானித்த முதற்பொருள் அந்த ஸ்பொயிலர்தான். அவன் கையாற் செய்த பொருளில் அவன் தன்னைக் கண்டான். உழைப்பு உழைப்பவனுக்கு அந்நியமாகிவிடும் நிலையைப் பற்றி மார்க்ஸ் எழுதியதைப் படித்த நாம், அந்நியமாகாத உழைப்பின் சிறு துளியொன்று சந்தியில் நின்றபோது அதை இனங்காணத் தவறிவிட்டோம்.

இனி, இதற்கு எதிர்ப்புறத்தையும் நோக்கவேண்டும். எளிமை எப்போதும் உண்மையாகிவிடாது. 1998இல் ஜெர்மனியின் அவுடி நிறுவனம் டி. டி. என்ற கச்சிதமான காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் தூய வளைவுகள் பெரிதும் பாராட்டப்பட்டன; பின்புறத்தில் ஸ்பொயிலர் எதுவும் இருக்கவில்லை. பின்னர், அதிகூடிய வேகத்தில் திரும்பும்போதும் திடீரென வழி மாறும்போதும் அக்கார்கள் நிலைகுலைந்து விபத்துகள் நேர்ந்தன, உயிர்களும் பலியாயின. 1999இன் இறுதியில் நிறுவனம் மாற்றங்களை அறிவித்தது. விற்கப்பட்ட கார்கள் திருப்பி அழைக்கப்பட்டு, சக்கரத் தாங்கியமைப்புத் திருத்தப்பட்டது; நிலைபேற்றைக் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு சேர்க்கப்பட்டது; பின்புறத்தில் ஒரு சிறு ஸ்பொயிலரும் பூட்டப்பட்டது. அங்கே தேவையான ஒன்று அழகின் பொருட்டு இல்லாதிருந்தது. இங்கே தேவையற்ற ஒன்று அழகின் பொருட்டு இருக்கிறது. இவ்விரண்டில் எது மனிதருக்குத் தீங்கு விளைவித்தது என்பதை வாசகரே சிந்திக்கலாம். அலங்காரம் உண்டா இல்லையா என்பது ஒழுக்கத்தின் அளவுகோலன்று. அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்பதே அளவுகோல்.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கும்போது, அலங்காரத்துக்கு நாம் இடக்கூடிய எல்லைகளும் தெளிவாகின்றன. முதலாவது, அது பிறருக்கு ஆபத்தாகக்கூடாது. 1969 மே மாதம் ஸ்பானிய கிராண்ட் பிரீ பந்தயத்தில், மெல்லிய கால்களின்மேல் உயர்த்தி அமைக்கப்பட்ட இறகுகள் முறிந்து கிரகாம் ஹில், ஜோஹன் ரிண்ட் ஆகியோரின் கார்கள் மோதி நொறுங்கின, ரிண்ட் காயமடைந்தார். அம்மாதத்திலேயே அவ்வகை உயர்ந்த இறகுகள் தடைசெய்யப்பட்டன. தேர்ந்த பொறியியலாளர் செய்ததே முறியுமாயின், சரிவரப் பூட்டாத தகடொன்று வீதியிற் கழன்று விழுந்தால், பின்னால் மோட்டார்ச் சைக்கிளில் வருபவரின் நிலை என்ன? 2025 சனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டிய அனுமதியற்ற மேலதிகப் பொருள்களை அகற்ற முனைந்தபோது எழுந்த விவாதத்தில், கண்ணைக் கூசவைக்கும் விளக்கையும் எவருக்கும் தீங்கற்ற பூச்சரத்தையும் ஒன்றாக எண்ணியவர்கள் பலர். சட்டம் கேட்கவேண்டிய கேள்வி அது அழகா என்பதன்று. அது ஆபத்தா என்பதே.

இரண்டாவது, அது வீட்டின் அடுப்பை அணைக்கக்கூடாது. தங்கையின் படிப்புக்குரிய பணம் காரின் வாலாக மாறுமாயின், அதை இரசனை என்று நாம் வாழ்த்த முடியாது.

மூன்றாவது, அது தன்னைப் பூண்டவனையே ஏமாற்றக்கூடாது. வேகத்தின் சின்னத்தைப் பூட்டியவன், வேகத்தின் பாதுகாப்பும் தனக்குக் கிடைத்துவிட்டதாக நம்பி விரைவானாயின், சின்னம் பொய்யாகிவிடுகிறது. அணி அணியாக நிற்கும்வரை அதிற் பொய்யில்லை. முகத்தை நிலவென்ற புலவனை யாரும் பொய்யன் என்பதில்லை. அவனும் கேட்பவரும் அது அணி என்பதை அறிவர். அந்த அறிவு மறைந்து, அணியையே பொருளென்று விற்கத் தொடங்கும்போதே ஏமாற்று ஆரம்பமாகிறது. அவ்வகையில், வேலையற்ற தகட்டை வேகத்தின் பெயரால் விலைகூட்டி விற்கும் வணிகமே எமது கண்டனத்துக்கு உரியது. வேலையற்றது என்று தெரிந்தே அதை விரும்பிச் செய்த இளைஞனன்று.

இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு சில நாள்களின் பின் மீண்டும் அந்தக் கராஜுக்குச் சென்றோம். அவனுடைய கேள்விக்கு விடை கூறவேண்டும் என்பதோடு, எமது மூன்று எல்லைகளையும் அவனுக்கு உபதேசிக்கும் எண்ணமும் எமக்கு இருந்தது. முதலில் ஸ்பொயிலரைக் கிட்ட நின்று பார்த்தோம். சிரித்த நாளில் நாம் அதைக் கிட்டப் பார்த்திருக்கவில்லை. அதன் இரு முனைகளும் கூர்மையின்றி உருட்டித் தேய்க்கப்பட்டிருந்தன. பின்கண்ணாடியின் மேலுள்ள பிரேக் விளக்கை மறைக்காதபடி நடுவில் ஓர் இடைவெளி விடப்பட்டிருந்தது. கூரைத் தகட்டின் உட்புறத்தில் இரும்புப் பட்டை வைத்து ஆணிகள் முறுக்கப்பட்டிருந்தன.

முனைகளை ஏன் இப்படித் தேய்த்தாய் என்று கேட்டோம்.

"பள்ளிக்கூடம் விடுற நேரத்தில பிள்ளையள் சைக்கிளில பின்னால நெருக்கிக்கொண்டு வாறவை, சேர். ஒரு பிள்ளை வந்து மோதினாலும் முகத்தில வெட்டக்கூடாது."

நாம் தத்துவமாகத் தேடிச் சென்றதை அவன் அரத்தாளாலே தேய்த்து முடித்திருந்தான். பாடசாலை அவனுக்குக் கற்பிக்கத் தவறிய காற்றின் கணக்கை ஒரு தாளில் எழுதி விளக்கினோம். மிக ஆவலோடு கேட்டுக்கொண்டான். வேகத்தின் வர்க்கம் என்ற இடத்தில், "இதை அப்பவே இப்பிடிச் சொல்லித் தந்திருந்தா கணக்குப் பிடிச்சிருக்கும்" என்றான். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

உவமை இல்லாவிட்டாலும் பாட்டின் கருத்து விளங்கும் என்று அவனிடம் ஒப்புக்கொண்டோம். ஆனால் கருத்து விளங்குவதற்காக மட்டும் மனிதர் பாடுவதில்லை என்பதையும் சொன்னோம். அவன் புன்னகைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான். முன்பு நாம் சிரித்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். அதைக் கேட்காமலே வந்துவிட்டோம். இக்கட்டுரையை எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.